அமிலத்தில் சாகாத கிருமி: சொத்தைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் நொதிகள்

இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்பதை எல்லோரும் அறிவர். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் இனிப்பைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது என்னும் விளக்கமும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. விளக்கம் சரிதான், ஆனால் அதில் ஒரு கண்ணி விடுபட்டுப்போகிறது. வாயில் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எத்தனையோ வகை இருக்க, அவற்றுள் சில மட்டும் சொத்தைப்பல்லில் பெருகிக் கிடப்பது ஏன்? கல்யாணப் பந்தியில் அசோகாவும் பாயசமும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவரைவிட, நாளெல்லாம் இடைவிடாமல் சர்க்கரை போட்ட தேநீரை உறிஞ்சிக்கொண்டிருப்பவரின் பல் விரைவில் கெடுவது ஏன்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவின் தனித்திறம் அமிலத்தை உண்டாக்குவதில் மட்டும் இல்லை. தான் உண்டாக்கிய அமிலத்திலேயே சாகாமல் தொடர்ந்து வேலை செய்வதில் இருக்கிறது. அந்தத் திறம் அதன் நொதிகளிலிருந்து வருகிறது.

பல், அமிலம், பி.எச். அளவு

பல்லின் வெளிப்புற அடுக்கான எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகமே அதில் பெரும்பகுதி. இந்தப் படிகம் அமிலத்தில் கரையும்.

ஒரு நீர்மத்தில் அமிலத்தன்மை எவ்வளவு என்பதை பி.எச். என்னும் அளவால் குறிக்கிறோம். 7 என்பது நடுநிலை. எண் இறங்க இறங்க அமிலம் ஏறும். ஓர் அலகு இறங்கினாலே, அமிலத்தன்மைக்குக் காரணமான புரோட்டான்களின் செறிவு 10 மடங்கு கூடுகிறது. 7-லிருந்து 5-க்கு வந்தால் 100 மடங்கு. உமிழ்நீரின் பி.எச். வழக்கமாக 7-ஐ ஒட்டி இருக்கும். பல்லின் மேல் படிந்த பாக்டீரியாப் படலத்துக்குள் அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் முதியவர்களுக்கு இந்த எல்லை இன்னும் மேலே, 6-ஐத் தாண்டியே இருக்கிறது. அவர்களுடைய பல்வேர் சிறிய அமிலத்துக்கே கரைந்துவிடும்.

கரைந்தது அப்படியே போய்விடுவதில்லை. பி.எச். மீண்டும் ஏறியதும் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லில் திரும்பப் படிகின்றன. இழப்பும் ஈடும் நாள்தோறும் நடக்கின்றன. நெடுங்காலம் இழப்பு மிஞ்சினால் குழி விழுகிறது. 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் பி.எச். அளவைத் தொடர்ந்து அளந்தார். சில நிமிடங்களிலேயே அது செங்குத்தாக இறங்கியது. பழைய நிலைக்கு மெதுவாகத்தான் திரும்பியது. அப்படித் திரும்புவதற்கு வழக்கமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இக்கட்டுரையில் பின்னால் வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்தக் கால அளவே அடிப்படை.

குற்றவாளி அடையாளம் காணப்பட்ட விதம்

பல்லைப் புழு அரிக்கிறது என்று நம்பி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. புழு எதுவும் இல்லை என்பதும், வாய்ப் பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்குவதே காரணம் என்பதும் 1890-இல் மில்லர் என்பவர் வெளியிட்ட ஆய்வால் நிலைபெற்றன. 1924-இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப்பற்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். இதன் பிறகு பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1954-இல், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு எவ்வளவு சர்க்கரை கொடுத்தாலும் சொத்தை வருவதில்லை என்று காட்டப்பட்டது. 1960-ஐ ஒட்டி, ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குச் சொத்தை தொற்றும் என்பதும் தெரிந்தது. அதன் பிறகே மியூட்டன்ஸ் ஆய்வின் நடுவுக்கு வந்தது. 2002-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 20 இலட்சம் எழுத்துகளும் 2,000-க்குச் சற்றுக் குறைவான மரபணுக்களும் கொண்ட சிறிய தொகுதி அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சொத்தைக்கு மியூட்டன்ஸ் ஒன்றே காரணம் என்று எழுதுவது இன்று பொருந்தாது. லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், ஸ்கார்டோவியா போன்ற அமிலம் தாங்கும் வேறு இனங்களும் சொத்தைக் குழிகளில் காணப்படுகின்றன. ஆயினும் அமிலத்தைத் தாங்கும் பொறிமுறை மியூட்டன்ஸில்தான் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆகவே அதை எடுத்துக்காட்டாகக் கொள்வது தகும்.

அமிலம் உண்டாகும் வரை

நொதி என்பது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை விரைவாக நடத்தித்தரும் புரதம். என்சைம் என்று விளம்பரங்களில் கேள்விப்படுவதும் இதுவே. சர்க்கரை வாய்க்குள் வந்ததும் மியூட்டன்ஸின் நொதிகள் மூன்று கட்டங்களில் வேலை செய்கின்றன.

1. ஒட்டிக்கொள்ளுதல். குளுக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ் என்னும் நொதிகள் பாக்டீரியாவுக்கு வெளியே சுரக்கின்றன. கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிணைந்திருக்கின்றன. இந்நொதிகள் அந்தப் பிணைப்பை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே குளுக்கோஸ்களைக் கோத்து குளுக்கன் என்னும் பிசினை உண்டாக்குகின்றன. மியூட்டன்ஸில் இவ்வகை நொதிகள் மூன்று. அவற்றுள் சில உண்டாக்கும் குளுக்கன் நீரில் கரையாது. வாய் கொப்பளித்தாலும் போகாது. பற்படலத்தைக் கெட்டியாக்குவதும், உள்ளே உண்டான அமிலத்தை உமிழ்நீர் வந்து நீர்க்கச் செய்யாதபடி தடுப்பதும் இந்தப் பிசினே.

2. உள்ளிழுத்தல். செல்சுவரை அடுத்த சவ்விலுள்ள பாஸ்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் என்னும் நொதித்தொகுதி, சர்க்கரை மிகக் குறைவாக இருக்கும்போதும் அதைப் பிடித்து, பாஸ்பேட்டை ஒட்டி உள்ளே கொண்டுவருகிறது.

3. புளிக்கவைத்தல். உள்ளே வந்த சர்க்கரை கிளைக்காலிசிஸ் என்னும் பத்துப் படி வினைத்தொடரால் பைருவேட்டாகிறது. கடைசியில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. மியூட்டன்ஸ் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை முழுமையாக எரிக்க வல்லதன்று. புளித்தலே அதன் பிழைப்பு. அதனால் இந்த ஒரு நொதியை நீக்கினாலே அதன் வளர்ச்சி பெரிதும் முடங்குகிறது.

முதல் கட்டத்தில் ஒரு செய்தி புதைந்திருக்கிறது. பிசின் உண்டாக்குவதற்கு இந்நொதிகளுக்குச் சுக்ரோஸ்தான் வேண்டும். சோற்றிலுள்ள மாவுப்பொருள் நேரடியாக உதவாது. மூன்று வேளையும் சோறு உண்ணும் காவிரி டெல்டா மக்களுக்கு இது ஒருவகையில் ஆறுதலான செய்தி. ஆனால் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றைச் சேர்த்தால் பல்லுக்குக் கேடில்லை என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. இவை அனைத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். பாக்டீரியாவின் நொதிக்கு அதன் நிறம் ஒரு பொருட்டன்று.

தன் அமிலமே தனக்குப் பகை

லாக்டிக் அமிலம் பல்லுக்கு மட்டும் பகையன்று. அதை உண்டாக்கிய பாக்டீரியாவுக்கும் பகைதான். வெளியே அமிலம் ஏறும்போது புரோட்டான்கள் சவ்வு வழியாக உள்ளே கசிகின்றன. லாக்டிக் அமிலமும் பிரியாத மூலக்கூறாக உள்ளே நுழைந்து, அங்கே பிரிந்து மேலும் புரோட்டான்களை விடுகிறது. செல்லின் உட்பகுதி அமிலமாகிவிட்டால் கிளைக்காலிசிஸ் நொதிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன, புரதங்கள் உருக்குலைகின்றன, டி.என்.ஏ.விலிருந்து பியூரின் எழுத்துகள் உதிர்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்று வாயில் தீங்கின்றி வாழும் பல இனங்களும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. ஆனால் பி.எச். 5-ஐ நெருங்கும்போது அவற்றின் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மியூட்டன்ஸ் 5-க்குக் கீழேயும் சர்க்கரையைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. எனாமல் கரையும் எல்லை 5.5 என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சிறிய வேறுபாட்டின் விளைவு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

தாங்குவதற்கு உதவும் நொதிகள்

1. புரோட்டானை வெளியேற்றும் நொதி. இவற்றுள் முதன்மையானது சவ்வில் பதிந்துள்ள எஃப்-ஏ.டி.பி.யேஸ். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலில் நீர் நின்றுவிட்டால் விவசாயி டீசல் எஞ்சினை வைத்து நீரை வடிகாலுக்கு இறைக்கிறார். நீர் வருவதை அவரால் நிறுத்த முடியாது, வருவதைவிட வேகமாக இறைத்தால்தான் பயிர் பிழைக்கும், அதற்கு டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். இந்த நொதியின் வேலையும் அத்தகையதே. உள்ளே கசியும் புரோட்டான்களை அது வெளியே தள்ளுகிறது. அதற்கான எரிபொருள் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு. நம் செல்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே குடும்பத்து நொதி இருக்கிறது. அங்கே அது ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது, இங்கே செலவழிக்கிறது. சாங்குவினிஸிலும் இந்நொதி உண்டு. ஆனால் அது பி.எச். 7-ஐ ஒட்டியே நன்கு வேலை செய்கிறது. மியூட்டன்ஸின் நொதியோ 6-ஐ ஒட்டிய அமில நிலையில்தான் உச்ச வேகத்தை எட்டுகிறது. அதோடு, அமிலம் ஏறும்போது மியூட்டன்ஸ் இந்நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இதனால் செல்லின் உட்பகுதி வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ ஓர் அலகு வரை உயர்ந்த பி.எச். அளவில் நிற்கிறது. இந்த ஓர் அலகு இடைவெளியில்தான் அதன் வாழ்வு நடக்கிறது.

2. சவ்வை மாற்றும் நொதி. எவ்வளவு இறைத்தாலும் கசிவு மிகுந்தால் பயனில்லை. அமிலச் சூழலில் மியூட்டன்ஸ் தன் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களின் வகையையே மாற்றிக்கொள்கிறது. நீளமான, ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட கொழுப்பு அமிலங்களின் பங்கு கூடுகிறது. இதற்குத் தேவையான நொதி ஃபேப்-எம். அதற்குரிய மரபணுவைச் செயலிழக்கச் செய்த மியூட்டன்ஸ் அமிலத்தில் எளிதில் மடிந்தது; எலிகளின் பல்லில் அதனால் வழக்கமான அளவுக்குச் சொத்தையை உண்டாக்கவும் முடியவில்லை. அமிலத்தைத் தாங்கும் திறமும் நோய் உண்டாக்கும் திறமும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

3. அமிலத்தை நடுநிலையாக்கும் நொதிகள். மற்ற பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் அக்மட்டின் என்னும் பொருளை அக்மட்டின் டீஇமினேஸ் தொகுதி உடைத்து அம்மோனியாவைத் தருகிறது; கூடவே ஏ.டி.பி.யும் கிடைக்கிறது. பழங்களிலுள்ள மேலிக் அமிலத்தை, அதைவிட வலுக்குறைந்த லாக்டிக் அமிலமாக மாற்றி உட்புறத்து அமிலத்தைக் குறைக்கும் நொதியும் உண்டு.

4. பழுதுபார்க்கும் நொதிகள். எழுத்து உதிர்ந்த டி.என்.ஏ. இடங்களை வெட்டிச் சரிசெய்யும் எண்டோநியூக்ளியேஸ்கள், உருக்குலைந்த புரதங்களைத் திரும்ப மடிக்கும் துணைப் புரதங்கள், மடிக்க முடியாதவற்றை அழிக்கும் புரோட்டியேஸ்கள் ஆகியவை இவ்வகையின.

இவை எல்லாம் எப்போதும் முழு அளவில் இயங்குவதில்லை. மிதமான அமிலத்தில், ஏறத்தாழ பி.எச். 5.5 அளவில், சிறிது நேரம் இருந்து பழகிய மியூட்டன்ஸ் செல்கள், அதன் பிறகு 3-ஐ ஒட்டிய கொல்லும் அமிலத்திலும் கணிசமாகப் பிழைக்கின்றன. பழகாத செல்கள் மடிகின்றன. இதை அமிலம் தாங்கும் எதிர்வினை என்பர். சற்று முன்பு குடித்த தேநீரின் அமிலம், அடுத்த தேநீரின் அமிலத்துக்குப் பாக்டீரியாவை ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தாங்குதல் நோயாகும் இடம்

நல்ல நிலையிலுள்ள வாயில் மியூட்டன்ஸ் சிறுபான்மையே. சாங்குவினிஸ், கார்டோனியை போன்ற இனங்கள் உமிழ்நீரிலுள்ள அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை உடைத்தும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலைவேரியஸ் யூரியாவை உடைத்தும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அது பற்படலத்தின் அமிலத்தைத் தணிக்கிறது. ஆனால் நாளில் பலமுறை பி.எச். தாழ்ந்தால் இந்த நல்ல இனங்கள் குறைகின்றன. அமிலம் தாங்குபவை அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அவை இன்னும் அமிலத்தை உண்டாக்க, பி.எச். முன்னைவிட ஆழமாக இறங்கி, முன்னைவிட நெடுநேரம் அங்கேயே நிற்கிறது. 1994-இல் பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் ஃபிலிப் மார்ஷ் முன்வைத்த சூழலியல் பற்படலக் கருதுகோளின் சாரம் இதுதான். வெளியிலிருந்து வரும் தொற்றைவிட, வாயில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்குள் ஏற்படும் இந்த விகித மாற்றமே சொத்தைக்கு வழிவகுக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு தானாகவே வருகிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியம். 1940-களின் பிற்பகுதியில் சுவீடனின் விப்பெஹோல்மில் மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் நடந்த ஆய்வு இதை வெளிப்படையாகக் காட்டியது. உணவோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதே கூடியது. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கு மிகப்பெரிதும் கூடியது. இசைவு தர இயலாதவர்களின் பல்லைக் கெடுத்து நடத்தப்பட்ட அந்த ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. முடிவை மேற்கோள் காட்டும்போது அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நடவு, அறுவடை நாள்களில் டெல்டாவில் ஒரு தொழிலாளியின் நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடியலில் ஒரு தேநீர், பதினொரு மணிக்கு வடையோடு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று, வேலை முடிந்து கடைத்தெருவில் ஒன்று, இரவில் வீட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் என்றால், சாப்பாட்டு வேளைகளைச் சேர்க்காமலேயே இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் பற்படலம் அமிலத்தில் இருக்கிறது. கும்பகோணம் டிகிரி காபியை ஒரே இருப்பில் குடித்து முடிப்பதும், அதே காபியை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவதும் பல்லுக்கு ஒன்றல்ல.

இரவுக் கணக்கு இன்னும் கடுமையானது. தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், படுக்கும் முன் குடித்த சர்க்கரைப் பாலின் அமிலத்தைத் தணிக்க எதுவும் இருப்பதில்லை. குழந்தையைப் பால்புட்டியோடு தூங்கவைக்கும் வீடுகளில் முன்பற்கள் கரைந்துபோவது இதனால்தான். உமிழ்நீரைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வோரும் தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றோரும் பகலிலேயே இந்நிலையில் இருக்கிறார்கள்.

வெற்றிலை போடுபவர்களுக்குச் சொத்தை வராது என்று டெல்டாவில் சொல்வதுண்டு. சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது என்பதும், மெல்லுதல் உமிழ்நீரைப் பெருக்கும் என்பதும் மெய்யே. ஆனால் பாக்கு, புகையிலை சேராமலேயே, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. பல்லைக் காப்பதற்காக அதைப் பரிந்துரைக்க எந்த நியாயமும் இல்லை.

நொதிகளைத் தடுக்கும் வழிகள்

ஃபுளூரைடு இங்கே முதலிடம் பெறுகிறது. அதன் முதன்மைப் பணி பல்லின் கனிமத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத ஃபுளூரோஅபடைட்டை உண்டாக்குவதும் இழந்த கனிமம் திரும்பப் படிவதை விரைவுபடுத்துவதும் ஆகும். இரண்டாவது பணி பாக்டீரியாவின் மேல். வெளியே அமிலம் மிகும்போது ஃபுளூரைடு புரோட்டானோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடாகிச் சவ்வைக் கடக்கிறது. அமிலம் குறைந்த உட்பகுதியில் பிரிந்து, புரோட்டானை உள்ளேயே விட்டுவிடுகிறது. கிளைக்காலிசிஸின் இனோலேஸ் நொதியைத் தடுக்கிறது. புரோட்டானை இறைக்கும் எஃப்-ஏ.டி.பி.யேஸையும் தடுக்கிறது. பாக்டீரியா உள்ளே கட்டிக்காக்கும் அந்த ஓர் அலகு இடைவெளியே ஃபுளூரைடை உள்ளே இழுத்துவிடுகிறது.

ஆகவே 1,000 முதல் 1,500 பி.பி.எம். ஃபுளூரைடு கொண்ட பற்பசையால் காலையும் இரவும் துலக்குவதும், துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு நிறைய நீரால் கொப்பளிக்காமல் விடுவதும் பொருளுள்ள பழக்கங்கள். சாம்பல், செங்கல் தூள், உப்பு ஆகியவற்றால் இந்தப் பயன் கிடைக்காது. வேப்பங்குச்சி படலத்தை ஓரளவு நீக்கலாம், ஆனால் ஃபுளூரைடு தராது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள மிகை ஃபுளூரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதைக் கேட்டு, பற்பசைக்கும் அஞ்சுவோர் உண்டு. அங்கே ஆண்டுக்கணக்கில் குடிநீராக விழுங்கப்படுகிறது, இங்கே துப்பப்படுகிறது. விழுங்கிவிடும் வயதுக் குழந்தைகளுக்கு அளவைக் குறைத்தால் போதும்: மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அர்ஜினின் சேர்த்த பற்பசைகள் நல்ல பாக்டீரியாக்களின் அம்மோனியா உற்பத்தியைத் தூண்டும் நோக்கில் வந்தவை. சைலிட்டால் என்னும் இனிப்பை மியூட்டன்ஸ் உள்ளிழுத்தாலும் புளிக்கவைக்க இயலாமல் ஆற்றலை வீணாக்குகிறது. பிசின் உண்டாக்கும் குளுக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸைத் தடுக்கும் பொருள்கள் பல தாவரங்களில் உள்ளன; தேயிலையின் பாலிஃபீனால்கள் ஆய்வகத்தில் அந்நொதியைத் தடுக்கின்றன. அந்தத் தேநீரிலேயே இரண்டு கரண்டி சுக்ரோஸைப் போட்டுக் குடிக்கும்போது எது வெல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எல்லாக் கிருமிகளையும் கொல்வதாகச் சொல்லும் வாய்க்கழுவிகளைப் பொறுத்தவரை, அமிலத்தைத் தணிக்கும் நல்ல இனங்களும் அவற்றில் சேர்ந்தே மடிகின்றன என்பதால், மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் பயன்படுத்துவதில் பெரிய பயன் இருப்பதாகத் தோன்றவில்லை.

இவை எதுவும் விழுந்துவிட்ட குழியை அடைக்காது. எனாமலில் சுண்ணாம்புபோல் மங்கிய வெண்புள்ளி தெரியும் கட்டம் வரை ஃபுளூரைடாலும் பழக்க மாற்றத்தாலும் மீட்க முடியும். மேற்பரப்பு உடைந்து குழியானபின், அதற்குள் உமிழ்நீரும் பல்துலக்கியும் எட்டாததால், அமிலம் தாங்கும் பாக்டீரியாக்களுக்குத் தடையே இல்லை. எனாமலுக்கு அடியிலுள்ள, அதைவிட மென்மையான டென்டின் அடுக்கில் அரிப்பு விரைகிறது. அந்தக் கட்டத்தில் பல் மருத்துவர் குழியைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அல்லது இயந்திரத்துக்கு அஞ்சும் சிறு குழந்தைகளுக்குச் சில்வர் டையமைன் ஃபுளூரைடு பூசி அரிப்பை நிறுத்த வேண்டும். பூசிய இடம் கருத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், டெல்டாவை ஒட்டிய சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பல் சிகிச்சை பெறலாம். குளிர்ந்த நீர் பட்டால் கூசுவது அரிப்பு டென்டினை எட்டியதன் அடையாளமாக இருக்கலாம். இரவில் தானாகவே விண்ணென்று தெறிக்கும் வலி, அது பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள பற்கூழை எட்டிவிட்டதைக் குறிக்கும். முதல் அறிகுறியில் வந்தால் பெரும்பாலும் அடைப்போடு முடிகிறது. இரண்டாவதில் வேர் சிகிச்சையோ பல் எடுப்போ தேவைப்படுகிறது.